படிவுப் பாறைக்குள்ள டெம்பரேச்சரும் பிரஷரும் கணக்கு போடுறது எப்படி: டெக்சஸ் கிணறு ஒண்ண வெச்சு

ஆழம் எவ்வளவுன்னு சொன்னா போதும், கீழ எவ்வளவு சூடு எவ்வளவு பிரஷர்னு ரெண்டையும் ஒரே பெருக்கல்ல சொல்லிடலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, காலேஜ்ல அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறாங்க, ஒரு கிலோமீட்டருக்கு 25 இல்ல 30 டிகிரி, பத்து மீட்டருக்கு ஒரு கிலோ பிரஷர், முடிஞ்சுது. மேல ரெண்டு கிலோமீட்டர் வரைக்கும் இது ஓரளவு ஓடும். அதுக்குக் கீழ, அதுவும் வேகவேகமா சேறு படிஞ்ச பேசின்கள்ல (படிவு சேர்ந்து நிறைஞ்ச பெரிய பள்ளங்கள்ல), இந்தக் கணக்கை நம்பி கிணறு தோண்டினா உயிருக்கே ஆபத்து. இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: டெம்பரேச்சரை முதல்ல ஒழுங்கா போடுங்க, அதுக்கப்புறம் பிரஷருக்குப் போங்க, ஏன்னா பிரஷர் கணக்குல நீங்க எந்த வழியை எடுக்கணும்னு முடிவு பண்றதே டெம்பரேச்சர்தான்.

உதாரணத்துக்கு அமெரிக்காவோட மெக்சிகோ வளைகுடா கரையை எடுத்துக்கிறேன். இந்த சப்ஜெக்ட்ல இன்னைக்கு நாம பயன்படுத்துற பல வழிமுறைகள் அங்கதான் உருவாச்சு. அங்க டெக்சஸ்ல பிரசோரியா கவுன்ட்டியில ப்ளெசன்ட் பாயூ 2-ன்னு ஒரு கிணறு, எண்ணெய்க்காக இல்ல, அழுத்தத்துல அடைபட்டுக் கிடக்கிற சூடான உப்புத் தண்ணிய வெச்சு கரண்ட் எடுக்க முடியுமான்னு பார்க்க அமெரிக்க எரிசக்தித் துறை சோதனை பண்ணின கிணறு. 1989-90ல அங்க ஒரு மெகாவாட் அளவுல கரண்ட் எடுத்தும் காட்டினாங்க. மணற்கல் அடுக்கு சுமார் 4,465 மீட்டர் ஆழத்துல, சூடு சுமார் 150 டிகிரி செல்சியஸ், பிரஷர் சுமார் 11,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). இந்த மூணு நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, கீழ போடுற கணக்கெல்லாம் இதை சுத்தித்தான்.

யூனிட் பத்தி ஒரு வார்த்தை. அமெரிக்க ரிப்போர்ட் எல்லாம் அடி, பிஎஸ்ஐ, பிபிஜி (அடர்த்திக்கு, கேலனுக்கு இத்தனை பவுண்டு)ன்னு இருக்கும், நான் மீட்டரும் கேஎஸ்சியும் வெச்சுத்தான் போடுவேன், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ. நம்ம ஊர் ரிக்லயும் இதுதான் ஓடுது, மனக்கணக்கும் ரொம்ப ஈஸி: ஆழத்தை மீட்டர்ல எடுத்து, அடர்த்தியால (நல்ல தண்ணிக்கு 1) பெருக்கி, பத்தால வகுத்தா கேஎஸ்சி வந்துடும். ஒரு கேஎஸ்சி சுமார் 14.2 பிஎஸ்ஐ. அப்போ 11,000 பிஎஸ்ஐன்னா 773 கேஎஸ்சி.

டெம்பரேச்சர்ல இருந்து ஆரம்பிப்போம்

கீழ இருந்து மேல வர்ற வெப்பம் ஒரு இடத்துல ஏறக்குறைய ஒரே அளவுல வந்துட்டே இருக்கும், ஆனா எந்தப் பாறை வழியா வருதோ அதைப் பொறுத்து சூடு ஏறுற வேகம் மாறும். வெப்ப ஓட்டத்தை பாறையோட வெப்பக் கடத்தும் திறனால வகுத்தா அந்த அடுக்கோட கிராடியன்ட் (கிலோமீட்டருக்கு எவ்வளவு சூடு ஏறுதுங்கிறது), இதுதான் ஃபார்முலா, வேற ஒண்ணும் இல்ல. ஒரு சதுர மீட்டருக்கு 60 மில்லிவாட் வெப்பம் வருதுன்னு வெச்சுக்குவோம். ஷேலோட (இறுகின களிமண் பாறை) கடத்தும் திறன் 1.5 (மீட்டருக்கு, டிகிரிக்கு இத்தனை வாட்) அளவுல இருந்தா கிலோமீட்டருக்கு 40 டிகிரி ஏறும், மணற்கல் 3-ன்னா 20 டிகிரிதான், உப்புப் பாறை 6-ன்னா வெறும் 10. நிலக்கரி இதுல தனி ரகம், அதோட திறன் ரொம்பக் கம்மி, சில மீட்டர் நிலக்கரியே கணிசமா சூட்டைத் தடுத்து வெக்கும். அதனால சராசரி கிராடியன்ட்னு ஒரே கோடு போடாம, லித்தாலஜி லாக்கை (எந்த ஆழத்துல எந்தப் பாறைன்னு காட்டுற பதிவு) பார்த்து அடுக்கு அடுக்கா கூட்டிட்டு வாங்க. ஒரு கிலோமீட்டர் ஷேல், அதுக்குக் கீழ ரெண்டு கிலோமீட்டர் மணற்கல்லுன்னா ரெண்டுமே தலா 40 டிகிரி, கிராஃப்ல கோடு நடுவுல உடையும். அந்த உடைப்பை வரையாம விட்டுடாதீங்க, பின்னாடி அது தேவைப்படும்.

வளைகுடாவுல உப்பு மலை மலையா கீழ இருந்து எழும்பி நிக்கும், அது வெப்பத்தை சீக்கிரமா மேல கடத்திடுறதால உப்புக்கு மேல இருக்கிற பாறை பக்கத்துப் பாறையை விட சூடாவும், உப்புக்கு அடியில இருக்கிறது அந்த ஆழத்துக்கு எதிர்பார்க்கிறதை விட குளிர்ச்சியாவும் இருக்கும். பக்கத்துக் கிணத்துல 140 டிகிரி இருந்துச்சு, நம்ம கிணத்துலயும் அதேதான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி நடுவுல உப்பு இருக்கான்னு சைஸ்மிக்ல (அதிர்வலை வெச்சு எடுக்கிற நிலத்தடிப் படம்) பாருங்க.

தொடங்குற இடத்துல இன்னொரு விஷயம், ரொம்ப பேர் தப்பு பண்ற இடம். தரையில தோண்டினா வருஷ சராசரி வெப்பநிலையில இருந்து தொடங்கலாம், டெக்சஸ் கரையில 21 டிகிரி வெச்சுக்கலாம். கடல்ல தோண்டினா டெம்பரேச்சர் கணக்கு கடல் அடித்தரையில இருந்துதான் ஆரம்பிக்கணும், ஆழ்கடல்ல அது 4 டிகிரி பக்கம் இருக்கும், ஆனா பிரஷர் கணக்கு கடல் மட்டத்துல இருந்தே ஆரம்பிக்கும், ஏன்னா தண்ணியும் எடைதானே. 2010ல வெடிச்ச மக்கோன்டோ கிணறு இதுக்கு நல்ல உதாரணம், 11 பேர் இறந்துபோன கிணறு அது. கடல் ஆழம் சுமார் 1,520 மீட்டர், எண்ணெய் இருந்த மணல் கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 5,500 மீட்டர், சூடு சுமார் 117 டிகிரி, பிரஷர் சுமார் 11,850 பிஎஸ்ஐ. படிவம் மட்டும் பார்த்தா நாலு கிலோமீட்டர்தான், 117ல 4 கழிச்சு நாலால வகுத்தா கிலோமீட்டருக்கு 28 டிகிரி. இதையே கடல் மட்டத்துல இருந்து போட்டா 20 டிகிரி பக்கம் வந்து, ஏதோ குளிர்ந்த பேசின்னு தப்பா தோணும்.

ப்ளெசன்ட் பாயூவுக்கு வருவோம். 150ல 21 போனா 129, அதை 4.465ஆல வகுத்தா கிலோமீட்டருக்கு 28.9 டிகிரி. இது சராசரி. ஆனா இந்த சராசரி உள்ள நடக்கிறதை மறைச்சிடும். மேல 3,000 மீட்டர் வரைக்கும் கிலோமீட்டருக்கு 25 டிகிரின்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கோங்க, 3,000 மீட்டர்ல 96 டிகிரி ஆகும், மிச்சம் 54 டிகிரி ஒன்றரை கிலோமீட்டருக்குள்ள ஏறணும், அதாவது கிலோமீட்டருக்கு 37. மேல கிடைச்ச 25-ஐயே நம்பி கீழ வரைக்கும் கோட்டை நீட்டியிருந்தா 133 டிகிரிதான் வந்திருக்கும். பதினேழு டிகிரி குறைஞ்சா என்ன ஆகிடும்னு கேக்கலாம். சிமென்ட் எவ்வளவு நேரத்துல இறுகும்ங்கிறது அந்தப் பதினேழு டிகிரியில மாறிடும், 150 டிகிரி வரைக்கும்தான் தாங்கும்னு எழுதியிருக்கிற எம்டபிள்யூடி (தோண்டும்போதே கீழ அளக்கிற) டூலை இறக்கலாமா வேண்டாமான்னு முடிவும் மாறிடும்.

கீழ ஏன் கிராடியன்ட் ஏறுது? அங்கதான் பிரஷர் உள்ள வருது, அதுக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி, அளந்த டெம்பரேச்சரையே எவ்வளவு நம்பலாம்ங்கிறது.

லாக் (கிணத்துக்குள்ள கருவி இறக்கி அளக்கிற பதிவு) ஹெட்டர்ல பிஹெச்டின்னு ஒரு நம்பர் எழுதியிருப்பாங்க, கிணத்தடி வெப்பநிலை. அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்தவே கூடாது. தோண்டும்போது மட் (கிணத்துக்குள்ள பம்ப் பண்ணி சுத்த விடுற குழம்பு) மேல இருந்து குளிர்ச்சியா சுத்திட்டே இருக்கிறதால கிணத்துச் சுவர் ஆறிப்போயிருக்கும், பம்ப்பை நிறுத்தினப்புறம் மெதுமெதுவாத்தான் சூடு திரும்பும், டூல் அந்த நடுவழியில இருக்கிற சூட்டைத்தான் அளக்குது. இதை சரிபண்ண ஹார்னர் ப்ளாட் போடணும். ஒரே ஆழத்துல வேற வேற நேரத்துல எடுத்த குறைஞ்சது ரெண்டு, முடிஞ்சா மூணு ரீடிங் வேணும். மட் சுத்தின நேரத்தையும் நிறுத்தினதுக்கு அப்புறம் போன நேரத்தையும் கூட்டி, நிறுத்தின நேரத்தால வகுக்கணும், அதுக்கு லாகரிதம் எடுத்து டெம்பரேச்சருக்கு எதிரா புள்ளி வைக்கணும். நம்பரோட பார்த்தா புரியும்: சர்க்குலேஷன் 4 மணி நேரம்னு வெச்சுக்கோங்க, நிறுத்தி 6 மணி நேரம் கழிச்சு 129 டிகிரி, 12 மணி நேரம் கழிச்சு 134.5, 18 மணி நேரம் கழிச்சு 137. விகிதம் 1.67, 1.33, 1.22ன்னு வரும், லாகரிதம் எடுத்தா 0.222, 0.125, 0.087. இந்த மூணு புள்ளி வழியா ஒரு கோடு போட்டு, லாகரிதம் பூஜ்யம் ஆகுற இடம் வரைக்கும் நீட்டினா 142 டிகிரி பக்கம் போய் நிக்கும். முதல் ரீடிங்குக்கும் இதுக்கும் 13 டிகிரி வித்தியாசம் பாருங்க. ஹார்னர் போட்டாலும் நிஜத்தை விட கொஞ்சம் கம்மியாத்தான் வரும், ரொம்ப சீக்கிரம் எடுத்த ரீடிங்னா இன்னும் கம்மியா வரும், அதனால 142-ங்கிறதை கீழ் எல்லையா வெச்சுக்கோங்க. டிஎஸ்டி டெஸ்ட்ல பாறைக்குள்ள இருந்தே திரவம் வந்து அதுல அளந்த டெம்பரேச்சர் கிடைச்சா அதுதான் ராஜா, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான். சர்க்குலேஷன் நேரம், பம்ப் நிறுத்தின நேரம் ரெண்டையும் ரிப்போர்ட்ல எழுதாம விட்டுட்டு வெறும் பிஹெச்டி மட்டும் எழுதுற பழக்கம் இன்னும் இருக்கு, அந்த ரெண்டு நம்பர் இல்லாம பின்னாடி வர்றவங்க யாரும் திருத்தவே முடியாது, தயவுசெஞ்சு எழுதுங்க.

இப்ப பிரஷர்

மூணு கோடு வரையணும். முதல் கோடு தண்ணிப் பிரஷர், அதாவது பாறைத் துளைகள்ல இருக்கிற தண்ணி மேல வரைக்கும் தடையில்லாம தொடர்பு இருந்தா எவ்வளவு பிரஷர் இருக்கும்ங்கிறது. வளைகுடாவுல தண்ணி உப்பா இருக்கிறதால அடர்த்தி 1.07 எடுப்பாங்க, 4,465 மீட்டருக்கு 478 கேஎஸ்சி. சூடு ஏற ஏற தண்ணி லேசாகும், உப்பு ஏற ஏற கனக்கும், ரெண்டும் கொஞ்சம் ஒண்ணையொண்ணு சரிக்கட்டிக்கும்.

ரெண்டாவது கோடு ஓவர்பர்டன், மேல இருக்கிற பாறை, தண்ணி எல்லாத்தோட மொத்த எடை. டென்சிட்டி லாக்கை மேல இருந்து கீழ வரைக்கும் கூட்டிட்டே வரணும், லாக் இல்லாத மேல் பகுதிக்கு 1.9, 2.0ன்னு ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க. வளைகுடாவுல தரைக் கிணத்துக்கு சராசரி 2.3ன்னு எடுக்கிறது வழக்கம், அப்போ 1,027 கேஎஸ்சி. கடல்ல இந்த 2.3-ஐ அப்படியே போடாதீங்க. மக்கோன்டோ மாதிரி ஆழத்துல 2.3 போட்டா 1,265 கேஎஸ்சி வரும், ஆனா தண்ணிக்கு 157, படிவத்துக்கு சராசரி 2.25 வெச்சு 895ன்னு தனித்தனியா கூட்டினா 1,052தான். இருநூறு கேஎஸ்சிக்கு மேல தப்பு.

மூணாவது கோடுதான் நிஜமான துளைப் பிரஷர், அது இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு. ப்ளெசன்ட் பாயூவுல 773 கேஎஸ்சி, அதாவது 1.73 அடர்த்தி உள்ள மட் இருந்தாதான் அதைத் தாங்கிப் பிடிக்க முடியும். தண்ணிக் கோட்டை விட கிட்டத்தட்ட 300 கேஎஸ்சி அதிகம். மண் இயக்கவியல் அறிஞர் தெர்சாகி சொன்ன விதி இங்க அப்படியே பொருந்தும்: மேல இருக்கிற எடையை பாறைத் துகள்களும் துளையில இருக்கிற தண்ணியும் பங்கு போட்டுத் தாங்குது. 1,027ல தண்ணி 773 தாங்கிட்டா துகளுக்குப் போறது வெறும் 254. சாதாரணமா 549 போயிருக்கணும்.

இந்தக் கூடுதல் பிரஷர் எங்க இருந்து வருதுங்கிறதுதான் டெம்பரேச்சரும் பிரஷரும் கைகோக்கிற இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க. பெரும்பங்கு காரணம் சூடே இல்ல. சேறு வேகமா மேல மேல படியுது, அடியில இருக்கிற களிமண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி வெளியேற நேரம் கிடைக்கல, எடை ஏறிட்டே போகுது, அந்த எடையை தண்ணியே தாங்க வேண்டியதாயிடுது. இப்படி இறுகாம தண்ணி நிறைஞ்சு நிக்கிற ஷேல் வெப்பத்தை மோசமா கடத்தும், ஏன்னா தண்ணியோட கடத்தும் திறன் பாறைத் தாதுக்களை விட ரொம்பக் கம்மி. அதனாலதான் ஓவர்பிரஷர் (இந்தக் கூடுதல் பிரஷர்) தொடங்குற இடத்துல டெம்பரேச்சர் கோடு உடைஞ்சு வேகமா ஏறுது. மேல நான் சொன்ன 25, 37 மாற்றத்துக்கு ஒரு காரணம் இதுதான். ஆக அந்த உடைப்பு தெரிஞ்சா, லித்தாலஜி மாறாம இருந்தும் உடைப்பு இருந்தா, பிரஷர் ஏறப்போகுதுங்கிற எச்சரிக்கையா அதை எடுத்துக்கணும்.

ரெண்டாவது வகைக்குத்தான் சூடு நேரடிக் காரணம். 60 டிகிரிக்கு மேல, முக்கியமா 80-ல இருந்து 120 டிகிரி வரைக்கும், ஸ்மெக்டைட் களிமண் இல்லைட்ங்கிற வேற களிமண்ணா மாறும்போது தாதுக்குள்ள பிடிச்சு வெச்சிருந்த தண்ணியை விட்டுடும். அதே சூட்டுல கெரோஜன் (பாறையில புதைஞ்ச உயிர்ப்பொருள் மிச்சம்) எண்ணெயா மாறும், இன்னும் மேல போனா எரிவாயு, கன அளவு பெருசாகும், போக இடமில்லன்னா பிரஷர் ஏறும். தண்ணி விரியறதும் இருக்கு. முழுசா மூடின ஒரு இடத்துல தண்ணி ஒரு டிகிரி சூடானா 15 கேஎஸ்சி அளவுல பிரஷர் ஏறும், கேக்க பயங்கரமா இருக்கும். ஆனா ஒரு சொட்டு கூட கசியாத பாறைன்னு ஒண்ணு லட்சக்கணக்கான வருஷ அளவுல இல்ல, கொஞ்சம் கசிஞ்சாலே அந்த ஏற்றம் காணாமப் போயிடும், அதனால என் கணிப்புல இதுக்கு பெரிய மதிப்பு கொடுக்க வேண்டாம்.

ஈட்டன் வழி, அதோட எல்லை

1975ல ஈட்டன் கொடுத்த வழியைத்தான் இன்னைக்கும் முதல்ல போட்டுப் பார்ப்பாங்க. ஷேல் மட்டும் பொறுக்கி எடுத்து சோனிக் லாக் ரீடிங்கை (பாறையில ஒலி ஒரு அடி போக எடுக்கிற நேரம்) ஆழத்துக்கு எதிரா வைங்க, மேல நல்லா இறுகின பகுதியில ஒரு நார்மல் கோடு போட்டு கீழ நீட்டுங்க. ஆழம் போகப்போக சோனிக் நேரம் குறையணும், ஓவர்பிரஷர் இருந்தா குறையாம நிக்கும் இல்ல கூடும். நம்ம ஆழத்துல நார்மல் கோடு 80 மைக்ரோசெகண்ட் சொல்லுது, லாக் 103 காட்டுதுன்னு கணக்குக்காக வெச்சுக்குவோம். 80-ஐ 103-ஆல வகுத்தா 0.777, அதோட மும்மடி (மூணாவது அடுக்கு) 0.469. ஓவர்பர்டன்ல தண்ணிப் பிரஷரைக் கழிச்சா 549, அதை 0.469ஆல பெருக்கினா 257, அதை 1,027ல கழிச்சா 770 கேஎஸ்சி. அளந்த 773-க்குப் பக்கத்துல வந்து நிக்குது பாருங்க. ரெசிஸ்டிவிட்டி (பாறையோட மின்தடை) வெச்சுப் போட்டா மும்மடிக்குப் பதிலா 1.2 அடுக்கு போடுவாங்க.

ரெசிஸ்டிவிட்டி பயன்படுத்துறவங்க இதைக் கவனமா படிக்கணும். உப்புத் தண்ணியோட ரெசிஸ்டிவிட்டி சூட்டுல சரசரன்னு இறங்கும். ஆர்ப்ஸ் ஃபார்முலாப்படி முதல் டெம்பரேச்சரோட 21.5 கூட்டி, ரெண்டாவது டெம்பரேச்சரோட 21.5 கூட்டி, முதலை ரெண்டாவதால வகுக்கணும்: 25 டிகிரியில இருக்கிற தண்ணி 150 டிகிரிக்குப் போனா 46.5-ஐ 171.5-ஆல வகுத்து 0.27, கால் பங்கு ரெசிஸ்டிவிட்டிதான் மிச்சம். பிரஷர் ஒண்ணுமே மாறாம சூடு மட்டும் ஏறினாலே கோடு ஓவர்பிரஷர் மாதிரி இடதுபக்கம் சாயும். திருத்தாத பிஹெச்டி வெச்சு இந்தத் திருத்தம் போட்டா பிரஷரும் தப்பாத்தான் வரும். டெம்பரேச்சரை முதல்ல போடுங்கன்னு நான் அடிச்சு சொல்றதுக்கு இது முதல் காரணம்.

ரெண்டாவது காரணம் இன்னும் பெருசு. ஈட்டன் வழி களிமண் இறுகாம போன கதைக்குத்தான் பொருந்தும். பாறை முதல்ல நல்லா இறுகிட்டு, அப்புறம் சூட்டால கெரோஜனும் களிமண்ணும் மாறி உள்ள இருந்து பிரஷர் ஏறியிருந்தா, துளை அளவு பழையபடி பெருசாகாது, சோனிக் கொஞ்சம்தான் மாறும், ஈட்டன் உண்மையை விட கம்மியா சொல்லிடும். கம்மியா சொன்னா மட் லேசா இருக்கும், கிக் வரும், அதாவது பாறையில இருக்கிற திரவம் கிணத்துக்குள்ள பாயும். 1995ல பவர்ஸ் இதுக்காகவே தனி வழி கொடுத்தார். அதனால உங்க திருத்தின டெம்பரேச்சர் கோட்டை ஈட்டன் கோட்டுப் பக்கத்துலயே ஒட்டி வைங்க. 100 டிகிரிக்கு மேல உள்ள ஆழத்துக்கு ஈட்டன் விடையை தனியா நம்பாதீங்க, சோனிக்கையும் டென்சிட்டியையும் ஒரே கிராஃப்ல வெச்சுப் பாருங்க, சோனிக் பின்வாங்குது டென்சிட்டி அசையாம நிக்குதுன்னா அது சூட்டால வந்த பிரஷர், பவர்ஸ் போடுங்க, இல்லன்னா ஈட்டன்ல மும்மடிக்குப் பதிலா 5 மாதிரி பெரிய அடுக்கு போட்டு பக்கத்துக் கிணத்து அளவோட ஒத்துப் பாருங்க.

இது எல்லாம் ஷேலோட பிரஷர். மணல்ல எரிவாயு இருந்தா அதோட உச்சியில இன்னும் கூடும். 300 மீட்டர் உயர எரிவாயு, அதோட அடர்த்தி 0.25, தண்ணி 1.07ன்னா உச்சியில 25 கேஎஸ்சி கூடுதல். சின்ன நம்பர் மாதிரி தெரியும், மட் அடர்த்தியில இருக்கிற விளிம்பு பல நேரம் அதுக்கும் கம்மிதான், ரொம்ப ஏத்தினா பாறை உடைஞ்சு மட் உள்ள ஓடிடும்.

நம்ம பக்கத்துல கிருஷ்ணா கோதாவரி பேசின்ல ராகவபுரம் ஷேல், வடபர்ரு ஷேல் ரெண்டும் ஓவர்பிரஷருக்குப் பேர்போனது. 1995 ஜனவரியில கோதாவரி டெல்டாவுல பாசர்லபூடி கிணறு வெடிச்சு ரெண்டு மாசத்துக்கு மேல எரிஞ்சது நம்மள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். அங்க கணக்கு போடும்போது வளைகுடாவோட 1.07, 2.3, மும்மடி எதையும் கண்ணை மூடிட்டு தூக்கி வைக்காதீங்க, வழிமுறை மட்டும்தான் இரவல் வாங்கலாம், நம்பர் அந்த பேசின்லயே எடுக்கணும்.

தோண்டும்போது என்ன பார்க்கணும்

கணக்கு எல்லாம் ஆபீஸ்ல போட்டது, பிட் கீழ போறப்போ நிஜம் வேறயா இருக்கும். வெளிய வர்ற மட்டோட டெம்பரேச்சரை அரைமணி நேரத்துக்கு ஒருதரம் எழுதுங்க, பம்ப் வேகம், ஓய்வு நேரம், புதுசா கலந்த மட் இதையெல்லாம் பக்கத்துலயே குறிச்சு வைங்க, இல்லன்னா எது பாறையோட சூடு எது மேல நடந்த வேலைன்னு பிரிக்க முடியாது. ஓவர்பிரஷர் ஷேலுக்குள்ள நுழைஞ்சா இந்தக் கோடு செங்குத்தா ஏற ஆரம்பிக்கும். அதுகூட டி-எக்ஸ்போனென்ட் (தோண்டுற வேகத்துல இருந்து போடுற எண்) கோடு இடதுபக்கம் திரும்புறது, பைப் மாத்தும்போது வர்ற கேஸ் ஒவ்வொரு தடவையும் கூடுறது, ஷேக்கர்ல (மட்டைச் சலிக்கிற சல்லடை) கூரான நீளச் சில்லுகளா ஷேல் விழறது, இதுல ரெண்டு மூணு ஒண்ணா வந்தா நிறுத்தி ஃப்ளோ செக் (பம்ப் நின்னும் கிணறு தானா வழியுதான்னு பார்க்கிறது) பண்ணுங்க, பண்ணச் சொல்லி கேக்க மட் லாகருக்கு தயக்கமே இருக்கக் கூடாது.

மட்டோட அடர்த்தியையும் மேல அளந்ததை வெச்சு முடிவு பண்ணாதீங்க. சூடு அதை விரிய வைக்கும், பிரஷர் அதை அமுக்கும், எண்ணெய் கலந்த மட்ல ரெண்டுமே அதிகம். பம்ப் நின்னு ரொம்ப நேரம் ஆச்சுன்னா கிணறு மறுபடி சூடாகி மட் லேசாகும், சிமென்ட் போடுறதுக்கோ லாக் எடுக்கிறதுக்கோ காத்திருக்கிற நேரத்துல கீழ பிரஷர் குறையும், விளிம்பு மெல்லிசா இருக்கிற கிணத்துல அந்தக் காத்திருப்புதான் ஆபத்தான நேரம். ஹார்னர்ல போட்ட டெம்பரேச்சரை மட் இன்ஜினியர்கிட்ட கொடுத்து, கீழ நிஜமா எவ்வளவு அடர்த்தி நிக்குதுன்னு திருப்பிக் கணக்கு போடச் சொல்லுங்க. மணல் வந்ததும் ஃபார்மேஷன் டெஸ்டர் இறக்கி பிரஷர் பாயின்ட் எடுத்து, ஈட்டன் கோடு, பவர்ஸ் கோடு ரெண்டுல எது அந்தப் புள்ளி வழியா போகுதோ அதை வெச்சுட்டு இன்னொண்ணை அழிச்சிடுங்க, அடுத்த கேசிங் (கிணத்துச் சுவரைக் காக்க இறக்குற இரும்புக் குழாய்) ஆழத்தை மிச்சம் இருக்கிற அந்தக் கோட்டுல இருந்து எடுங்க.